செல் சுவாசம்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

உயர்நிலை 3, 4 பிள்ளைகள் சிலருக்கு சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். உணவிலிருந்து செல் எப்படிச் சக்தி எடுக்கிறது என்ற பாடம் வந்தால், வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. மூச்சு விடுவதும் நமக்குச் சுவாசம்தான், செல்லுக்குள் நடப்பதும் சுவாசம்தான். அதனால் “சுவாசம் எங்கே நடக்கிறது?” என்று கேட்டால், “நுரையீரலில்” என்று உடனே பதில் வருகிறது. நுரையீரல் வாயுக்களை மாற்றிக்கொள்ளும் இடம். சக்தியை வெளிவிடும் வேதிவினை கண், தோல், குடல் என உயிருள்ள ஒவ்வொரு செல்லிலும் இரவு பகலாக நடக்கிறது. செடியிலும் அப்படித்தான். செடி இரவில் மட்டும் சுவாசிக்கிறது என்று எழுதினால் தவறு. நுரையீரலில் நடப்பதை மூச்சு என்றும், செல்லுக்குள் நடப்பதைச் செல் சுவாசம் என்றும் நான் பிரித்தே சொல்கிறேன். அந்த ஒரு பழக்கமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

அடுத்தது, “சக்தி உற்பத்தியாகிறது” என்று எழுதுவது. சக்தியை யாரும் புதிதாக உண்டாக்க முடியாது. “வெளிவிடப்படுகிறது” என்று எழுத வேண்டும். “குளுக்கோஸின் பிணைப்பு உடைந்து சக்தி வருகிறது” என்பதும் சரியில்லை. பிணைப்பை உடைக்கச் சக்தி செலவாகும். கரியமில வாயுவிலும் நீரிலும் புதிய, உறுதியான பிணைப்புகள் உருவாகும்போது செலவானதைவிட அதிகம் வெளிவருகிறது. அந்த மிச்சம்தான் நமக்குக் கிடைப்பது.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ஒன்று உண்டு, ஏனென்றால் அதைத் திருத்தும்போது பாடம் முழுவதும் விளங்கிவிடும். உள்ளே இழுத்த ஆக்சிஜன்தான் கரியமில வாயுவாக வெளியே வருகிறது என்று கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குளுக்கோஸ் முதலில் செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில், பைருவேட் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகளாகப் பிளக்கிறது. அதற்கு ஆக்சிஜனே தேவையில்லை. பைருவேட், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதும், அதன் கார்பன் ஒவ்வொன்றாகக் கரியமில வாயுவாகக் கழன்றுவிடுகிறது. இதுவரை நாம் மூச்சில் எடுத்த ஆக்சிஜன் எங்கும் சேரவில்லை. அது காத்திருப்பது கடைசிப் படியில். உணவிலிருந்து பறித்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் கைமாறிக் கைமாறி வருகின்றன. வரும் வழியில் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுக் குவிகின்றன. வந்து சேர்ந்த எலக்ட்ரான்களை ஏற்று ஆக்சிஜன் நீராகிறது. குவிந்த அயனிகள் ஒரு நொதியின் வழியே திரும்பப் பாயும்போது அந்த நொதி சக்கரம்போல் சுழன்று, செல் சக்தியாகச் செலவழிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறை உருவாக்குகிறது. பீட்டர் மிச்சல் என்ற பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் 1961இல் இந்த அயனிக் கருத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று பழைய நூல்களில் இருக்கும். சவ்வில் ஏற்படும் கசிவையும், பொருள்களைக் கடத்தும் செலவையும் கழித்து இப்போது 30 முதல் 32 என்கிறார்கள்.

ஆக்சிஜன் இல்லாத சுவாசத்திலும் ஒரு சறுக்கல். ஈஸ்ட் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும். நம் தசை லாக்டிக் அமிலம் மட்டும்தான் தரும், வாயு வராது. இரண்டையும் கலந்து எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் ஓடிவிட்டு மறுநாள் கால் வலித்தால் அதற்கும் லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்லக் கூடாது. அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். மறுநாள் வலி தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவால் வருவது.

அப்புறம், வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. தேக்கா சந்தையில் வாங்கிய பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டி ஒரு ஃபிளாஸ்கில் போட்டேன். வேகவைத்து ஆறிய பயறை இன்னொன்றில் போட்டேன். இரண்டிலும் வெப்பமானி வைத்து, வாயைப் பஞ்சால் அடைத்தோம். முளைப்பயறு சுவாசிப்பதால் வெப்பமாகும், செத்த பயறு ஆகாது, அதுதான் சோதனை. இரண்டாம் நாள் வெந்த பயறும் சூடேறியது! பஞ்சை எடுத்தால் புளித்த வாடை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். செத்த பயறைத் தின்று பாக்டீரியா சுவாசித்துக்கொண்டிருந்தது. மறுவாரம் இரண்டு பங்குப் பயறையும் நீர்த்த கிருமிநாசினியில் அலசிவிட்டுப் போட்டோம். இம்முறை முளைப்பயறு மட்டும் சூடானது. முடிந்ததும் அந்தப் பயறைச் சுண்டலுக்கு எடுத்துவிடாதீர்கள், கொட்டிவிட வேண்டும்.