ஏற்காட்டுத் தோட்ட எல்லைகளை கூகுள் எர்த்தில் உட்கார வைத்த கதை

சேர்வராயன் மலைக் காபித் தோட்ட எல்லைகளை ஷேப் ஃபைலாக (வரைபட மென்பொருளுக்கான கோப்பு வகை) தந்தார்கள், அதை கேஎம்எல் (கூகுள் எர்த் படிக்கும் கோப்பு வகை) ஆக்கி கூகுள் எர்த்தில் திறந்தால் எல்லாம் லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் கிடந்தது. சரியாக ஆறு டிகிரி மேற்கே! அப்படியென்றால் யுடிஎம் (பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களைக் குறிக்கும் முறை) மண்டலக் கோளாறுதான். நம் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இரு மண்டலங்களைப் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. மேட்டூர் 43ஆம் மண்டலம், சேலமும் ஏற்காடும் 44. வந்த கோப்பில் 43 என்றிருந்தது.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் லேயரின் சிஆர்எஸ்ஸை (எந்த ஆயத்தொலை முறை என்ற குறிப்பு) 32644 (வடக்கு 44ஆம் மண்டலத்தின் எண்) என்று திருத்துங்கள், ஆயத்தொலைகளை உருமாற்ற வேண்டாம், முறையின் பெயரை மட்டும் சரிசெய்தால் போதும், அப்புறம் 4326இல் கேஎம்எல் ஆக ஏற்றுமதி செய்யுங்கள், ஏனென்றால் கேஎம்எல்லுக்கு டபிள்யூஜிஎஸ் 84 (4326 என்ற எண் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை முறை) மட்டும்தான் தெரியும். கோடுகள் மலைக்குள் மறைந்தால் உயர அமைப்பை 'தரையோடு ஒட்டு' என்று வையுங்கள்.