என்கிரிப்ஷன் தடை நிபந்தனை வந்தால் என்ன செய்வது?

அமெரிக்க பெடரல் வழக்குகளில் சிறைக்காலம் முடிந்த பிறகும் பலருக்குக் கண்காணிப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதன் நிபந்தனைகளில் சில சமயம் என்கிரிப்ஷன் (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கம்) பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் வந்துவிடும். அப்படியே விட்டுவிடாதீர்கள்.

தண்டனைக்கு முந்தைய அறிக்கை, அதாவது தண்டனையை முடிவு செய்ய நீதிபதிக்காகத் தயாரிக்கப்படும் அறிக்கை, தண்டனை விதிக்கும் நாளுக்குக் குறைந்தது 35 நாள் முன்பே கையில் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் அதில் பரிந்துரைத்திருக்கும் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள், ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் வக்கீல் மூலம் எழுத்தில் கொடுங்கள்.

என்ன வாதாடுவது? வங்கித் தளத்தைத் திறந்தாலே எச்டிடிபிஎஸ் (இணையதள இணைப்பைப் பாதுகாக்கும் முறை), அது என்கிரிப்ஷன்தான். வாட்ஸ்அப்பும் அப்படித்தான், ஐபோன் பாஸ்கோடு போட்டாலே உள்ளே இருப்பதெல்லாம் பூட்டப்பட்டுவிடும். ஆக அந்த வரியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் வேலைக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது, திருந்தி வாழ வேண்டிய ஒருவரைத் தினமும் மீறலில் தள்ளும் விதி அது, என் பார்வையில் அநியாயம். தேவைக்கு மேல் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2017-இல் பாக்கிங்ஹாம் வழக்கில், பாலியல் குற்றவாளிகளைச் சமூக வலைதளங்களிலிருந்து மொத்தமாக விலக்கிய வட கரோலினா சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, அதையும் காட்டுங்கள்.

மொத்தத் தடைக்குப் பதில் குறுகலான மாற்றைக் கேளுங்கள்: சாதனத்தில் கண்காணிப்பு மென்பொருள், கண்காணிப்பு அதிகாரியிடம் பாஸ்வேர்டு. குற்றமே மறைகுறியாக்கத்தால் நடந்திருந்தால் இந்த அளவு நியாயம்தான்.

தீர்ப்பு வந்துவிட்டதா? மேல்முறையீட்டுக்கு 14 நாள். அதுவும் போனால், நிபந்தனையை மாற்றச் சொல்லிப் பிறகும் மனு போடலாம். அதுவரை எந்தெந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்று அதிகாரியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.