ராகிக் களியிலிருந்து தொடங்குங்கள்: புகைப்படம், எடிட்டிங், ஒரு நிமிட வீடியோ

தர்மபுரிப் பக்கம் கையில் கேமரா கிடைத்தவர்கள் முதலில் ஓடுவது ஒகேனக்கலுக்குத்தான். நானும் அப்படித்தான் போனேன். கல்லூரியில் முதலாண்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய கேமரா, உச்சி வெயில். முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், அருவி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. எடிட்டிங்கில் இருட்டாக்கிப் பார்த்தேன். வெள்ளை சாம்பல் நிறமாக மாறியதே தவிர, நீரின் ஓர் இழைகூடத் திரும்பி வரவில்லை. ஒளி நிரம்பி வழிந்த இடத்தில், கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார் எந்த விவரத்தையும் பதிவதில்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

மறுநாள் காலை ஆயா, அதாவது என் பாட்டி, களி கிண்டிக்கொண்டிருந்தார். கிழக்கு வாசல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது. புகை படிந்து கறுத்த சுவருக்கு முன்னால் குண்டானிலிருந்து ஆவி நூல் நூலாக எழுந்தது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். முந்நூறு படங்களில் கிடைக்காதது அதில் கிடைத்தது.

அதனால்தான் புதிதாகக் கற்பவர்களுக்குக் களியையே முதல் பாடமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் அடிக்கடி நடக்கும் வேலை அது. இன்று தவறினால் அடுத்த முறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் திருத்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் களி இல்லையென்றால் ஆவி வரும் எந்தச் சமையலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் போன் போதும்.

முதல் படி: லென்சைத் துடையுங்கள், பல்பை அணையுங்கள்

சமையலறையில் புழங்கும் போனின் லென்சில் எண்ணெய் விரல்ரேகை கட்டாயம் இருக்கும். படத்தில் பனிமூட்டம்போலத் தெரிவது பெரும்பாலும் அதுதான். பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள்.

பிறகு பல்பை அணையுங்கள். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000 கெல்வினுக்கு அருகில். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் தெரியும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

இரண்டாம் படி: எங்கே நிற்பது?

இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆவி என்று நாம் பார்ப்பது நுண்ணிய நீர்த்துளிகள். வெளிச்சம் அவற்றுக்குப் பின்னாலிருந்தோ, பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்தோ வந்தால், துளிகள் அதை நம் பக்கமாகச் சிதறடிக்கும். அப்போதுதான் ஆவி ஒளிரும். நம் முதுகுப்புறமிருந்து வெளிச்சம் வந்தால் ஆவி அநேகமாகக் காணாமல் போய்விடும். பின்னணி வெளுப்பாக இருந்தாலும் அதே கதைதான்.

எனவே ஒரு சோதனை செய்யுங்கள். குண்டான் அடுப்பில் இருக்கட்டும். போனைக் கையில் பிடித்தபடி அடுப்பைச் சுற்றி அரைவட்டமாக நடங்கள். படம் எடுக்க வேண்டாம், திரையை மட்டும் கவனியுங்கள். ஓரிடத்தில் ஆவி மங்கும், இரண்டடி நகர்ந்ததும் பளிச்சென்று எழும். அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் வாசல் எனக்கு இடப்பக்கம் சற்று எதிரிலும், கறுத்த சுவர் நேர் எதிரிலும் வரும்போதுதான் ஆவி முழுதாகத் தெரிந்தது. வாசலையே சட்டகத்துக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். அந்த வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

மூன்றாம் படி: வெளிச்சத்தை அளவாக விடுங்கள்

போனில் குண்டானின் விளிம்பைத் தொட்டு விரலை எடுக்காமல் அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் ஒளி அளவும் அங்கே நிலைநிற்கும். பிறகு சூரியன் குறியைக் கீழே இழுங்கள். ஆவியின் மிக வெளுத்த பகுதியில் இழைகள் தெரியும்வரை இழுக்க வேண்டும். சுவர் இருட்டாகப் போனால் போகட்டும்.

கேமரா வைத்திருப்பவர்கள் மூன்று எண்களைப் பழக வேண்டும். ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/250 நொடியிலிருந்து 1/125க்கு வந்தால் உள்ளே வரும் ஒளி இரு மடங்காகும். லென்சின் துளையான அபெர்ச்சரை எஃப் 4லிருந்து எஃப் 2.8க்கு மாற்றினாலும் இரு மடங்கு. ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400ஐ 800 ஆக்கினால் படத்தின் வெளிச்சம் இரு மடங்காகும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்து ஈடுகட்டலாம். களி கிண்டும் கை உறைந்து நிற்க 1/250 வேண்டும். களி கிண்டும் துடுப்பின் வீச்சு மங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி 1/15 வையுங்கள். இரண்டையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு 1/15தான் பிடிக்கும், அந்த மங்கலில் ஆயாவின் தோள்பலம் தெரிகிறது.

நான்காம் படி: மூன்று தொலைவு

நின்ற இடத்திலிருந்து அசையாமல் இருபது படம் எடுப்பது புதியவர்களின் வழக்கம். அதற்குப் பதில் மூன்று தொலைவில் எடுங்கள். முழுச் சமையலறை, இடுப்புக்கு மேல் ஆள், பிறகு கை மட்டும். ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள். ஆயா தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்காருங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் படமாகும்.

பொத்தானை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள். மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குடத்தை இப்போதே நகர்த்துவது ஒரு நொடி வேலை.

ஐந்தாம் படி: எடிட்டிங்

ஸ்னாப்சீட் என்ற போன் செயலி போதும். மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு நகலில் மட்டும் கைவையுங்கள். முதலில் சாய்வை நேராக்கி, வேண்டாததை வெட்டுங்கள். அடுத்து ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது, பிறகு ஒளி. நிறத்தின் அடர்த்தி (சாச்சுரேஷன்) கடைசியில்தான். தலைகீழாகத் தொடங்கினால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

களியின் நிறத்தில் கவனம் வேண்டும். அது கரும்பழுப்பு, உள்ளே லேசான ஊதா ஓடும். சாச்சுரேஷனைத் தாராளமாகத் தள்ளினால் சாக்லேட் ஆகிவிடும். ஓர் உருண்டையைத் தட்டில் எடுத்துவைத்து, ஜன்னலோரம் அமர்ந்து திரையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

ஸ்ட்ரக்சர் என்றொரு கருவி உண்டு. ஆவியின் இழைகளை அது அழகாக எடுத்துக்காட்டும். ஆனால் அதே கருவி ஆயாவின் முகச்சுருக்கங்களை வெட்டுக்காயம்போல ஆழப்படுத்திவிடும். செலக்டிவ் கருவியைத் தேர்ந்து ஆவியின் மேல் மட்டும் வையுங்கள். வயதானவர்களின் தோலை மெழுகுபோல வழவழப்பாக்குவதும் எனக்கு ஒப்பாது. இருப்பது இருந்தபடி இருக்கட்டும்.

ஆறாம் படி: ஒரு நிமிட வீடியோ

வீடியோவுக்கும் அதே சுண்ணாம்புக் குறிதான். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பல்பு வெளிச்சத்தில் எடுக்க நேர்ந்தாலும் 1/50ல் திரையில் பட்டை ஓடும் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

எடுக்க வேண்டியவற்றை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உலை கொதிப்பது, வெந்த நொய்யின் மேல் ராகி மாவு குவியலாக விழுவது, துடுப்பு இறங்குவது, ஆயாவின் முகம், ஈரக் கையால் உருண்டை பிடிப்பது, தட்டில் உருண்டையின் நடுவே குழியிட்டுக் கீரைக் கடைசல் ஊற்றுவது. ஒவ்வொன்றையும் போனை ஆட்டாமல் பத்து நொடி எடுங்கள். கிண்டுவதை மட்டும் மூன்று தொலைவிலும் எடுங்கள்.

ஆயாவுக்கும் குண்டானுக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்திலேயே நில்லுங்கள். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் எடுத்தால், வலப்பக்கம் பார்த்தவர் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் பார்ப்பார். பார்ப்பவர் குழம்பிவிடுவார்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். கெட்டியான களியில் துடுப்பு இறங்கும்போது 'பொத்' என்று ஒரு சத்தம் வருமே, அதை இன்னொரு போனில் கிட்டே வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். யாரும் பேசாத சமையலறையின் ஒலியையும் அரை நிமிடம் பதிந்து வையுங்கள். வெட்டுகளுக்கு நடுவே வரும் ஒலிப் பள்ளங்களை அது நிரப்பும்.

ஏழாம் படி: வெட்டி ஒட்டுதல்

கணினி சற்று நல்லதாக இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, இல்லையென்றால் கேடென்லைவ், இரண்டும் வீடியோ எடிட்டிங் மென்பொருள்கள். ஐந்து நொடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துண்டுகள் என்றால் ஒரு நிமிடம். தூர ஷாட்டில் துடுப்பு பாதி இறங்கும்போது வெட்டி, கிட்ட ஷாட்டில் மீதிப் பாதியிலிருந்து சேருங்கள். அசைவுக்குள் வெட்டு மறைந்துவிடும். முதல் காட்சிக்கு முன்பே, திரை கறுப்பாக இருக்கும்போதே, அந்தப் 'பொத்' சத்தத்தைத் தொடங்கிப் பாருங்கள். பின்னணி இசையைத் தேடும் ஆசையே வராது.

இத்தனையும் கைவந்தபின் நான் மறுபடி ஒகேனக்கல் போனேன். இம்முறை காலையிலேயே. படம் சற்று இருட்டாக வரும்படி எக்ஸ்போஷர் அளவை மைனஸ் 1ல் வைத்து, நுரையில் இழை தெரிகிறதா என்று ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கரையில் கவிழ்த்துவைத்த பரிசலின் அடியில் ஒருவர் தார் பூசிக்கொண்டிருந்தார். "அண்ணா, படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். தலையசைத்தார். தாரிலிருந்து எழுந்த புகைக்குப் பின்னால் வெயில் வரும் இடத்தைத் தேடி அரைவட்டம் நடந்தேன். பிறகு அதே மூன்று தொலைவு.

நீங்களும் போவதானால், நீர்வரத்து கூடிய நாட்களில் பரிசல் இயக்கத் தடை இருக்கும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசலில் உயிர்காப்பு உடையை அணிந்தபிறகே கேமராவை வெளியே எடுங்கள். சாரல் ஓயாமல் லென்சில் தெறிக்கும், அந்தப் பருத்தித் துணியை இரண்டாக எடுத்துச் செல்லுங்கள்.