பிங்க் ஃபிளாய்டுக்கு மார்க் போடுவது எப்படி?

பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின், 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்கு மார்க் போடப் போகிறீர்களா? சரி, முதலில் பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள் கரைகிற ஆல்பம் இது. உதிரியாகக் கேட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பை நான் காதில் வாங்குவதில்லை.

அப்புறம், 'பிடிக்கவில்லை' என்று நிறுத்தாமல் இடத்தைச் சுட்டுங்கள். 'மணி' (Money) பாட்டு சுற்றுக்கு ஏழு தட்டு என்ற தாளத்தில் நடக்கிறது. சாக்ஸஃபோன் முடிந்து, குழுவின் கிட்டாரிஸ்ட் கில்மர் நுழையும்போது நான்குக்கு மாறுகிறது. அந்த மாற்றம் உங்களுக்குச் சுகமா, உறுத்தலா? ஒரு மாலை முழுக்க வாதாட அது போதும்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் பாடகி கிளேர் டோரி சொற்களே இல்லாமல் பாடுவதற்கு என் கணக்கில் பத்துக்குப் பத்து. இதே ஆல்பத்தின் 'ஆன் தி ரன்'? ஆறுதான், சண்டைக்கு வரலாம். பாட்டுகளின் சராசரியை எடுக்காமல், முழு ஆல்பத்துக்குத் தனி மார்க் போடுங்கள். விற்பனைக் கணக்கை நீட்டுகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டாம்.