டோர்னமெண்டுக்கு முந்தைய மூன்று வாரம்: ஆட்களை உடைக்காமல் மைதானத்துக்குக் கொண்டு போவது எப்படி

சேலத்துப் பக்கம் முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கால்பந்து டோர்னமெண்ட் நோட்டீஸ் வர ஆரம்பித்துவிடும். நோட்டீஸ் வந்த அன்றைக்கே நம் டீம்கள் செய்கிற முதல் காரியம் பிராக்டிஸை இரண்டு மடங்காக்குவது. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் ஓட்டம், சாயங்காலம் டர்ஃபில் மேட்ச், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஓட்டம். அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறேன். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக ஏறும் ஸ்டாமினா ரொம்பக் கொஞ்சம், ஏறும் களைப்புதான் அதிகம். அந்தக் களைப்போடுதான் பசங்க முதல் மேட்ச்சில் இறங்குகிறார்கள், இரண்டாவது பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

பெரிய கால்பந்திலும் இதே கதைதான். 2002 மே 15 அன்று ரியல் மாட்ரிட் கிளப்புக்காக சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை ஆடி முடித்த பிரான்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜிடேன், மே 26-ல் தென் கொரியாவோடு ஒரு நட்பு ஆட்டத்தில் தொடைத் தசையில் காயம் பட்டு வெளியேறினார். உலகக் கோப்பையில் பிரான்ஸின் முதல் ஆட்டத்துக்கு ஐந்தே நாள் இருந்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் அவர் இல்லை, மூன்றாவதில் தொடையில் கட்டோடு இறங்கினார், நடப்பு சாம்பியனாக வந்த பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. அதே உலகக் கோப்பையை வைத்து ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டின் குழு ஒரு கணக்குப் பார்த்தது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளிலிருந்து அங்கே போனவர்களில், எதிர்பார்த்ததைவிட மோசமாக ஆடியவர்கள் அதற்கு முந்தைய 10 வாரத்தில் சராசரியாக 12.5 மேட்ச் ஆடியிருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியவர்கள் 9 மேட்ச். மூன்றரை மேட்ச்தான் வித்தியாசம், அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

2022-ல் கத்தார் உலகக் கோப்பை நவம்பர் 20 தொடங்கியது, இங்கிலாந்து பிரீமியர் லீக் நவம்பர் 13 வரை ஓடியது. இடையில் ஒரே வாரம். ஜெர்மன் கிளப் பயர்ன் மியூனிக்குக்கு ஆடிக்கொண்டிருந்த செனகலின் சாடியோ மானே நவம்பர் 8-ல் காலில் அடிபட்டு உலகக் கோப்பையையே இழந்தார், பிரான்ஸின் பென்ஸேமா தொடக்கத்துக்கு முந்தைய நாள் தொடைக் காயத்தோடு விலகினார். எந்த ஒரு காயத்துக்கும் இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது, அது சரி. ஆனால் ஆறுவதற்கு நாளே கொடுக்காவிட்டால் சின்னக் காயம்கூடப் பெரிய இழப்பாகிவிடும். 18 வயதில் பார்சிலோனா, யூரோ, டோக்கியோ ஒலிம்பிக் என்று ஒரே சீசனில் 70-க்கும் மேல் மேட்ச் ஆடிய ஸ்பெயினின் பெட்ரிக்கு, அடுத்த சீசனில் தொடை திரும்பத் திரும்பப் பிடித்தது.

அவர்களுக்குப் பின்னால் டாக்டர், பிசியோ, சமையல்காரர் என்று ஒரு படையே இருக்கிறது. நம் பசங்களில் ஒருவன் அம்மாப்பேட்டையில் ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டிவிட்டு வருகிறான், ஒருவன் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்துவிட்டு வருகிறான், இன்னொருவன் பைக்கில் ஊர் முழுக்க டெலிவரி. அந்த உழைப்பும் உடம்புக் கணக்கில்தான் சேரும்.

முதல் வேலை, ஒரு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், வாட்ஸ்ஆப் குரூப் இருந்தால் அதுவும் வேண்டாம். பிராக்டிஸ் முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல். அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிட டர்ஃப் மேட்ச்சுக்கு 7 சொன்னால் 630. ஒரு மணி நேர லேசான பிராக்டிஸுக்கு 4 சொன்னால் 240. வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பெரிய கிளப்புகள் ஜிபிஎஸ் கட்டி அளந்தாலும் இந்தக் கேள்வியை இன்னும் கேட்கிறார்கள், காரணம், ஓடிய தூரம் ஒன்றாக இருந்தாலும் தூங்காமல் வந்தவனுக்கு அது 8, தூங்கி வந்தவனுக்கு 5.

கூட்டிப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, யாருடைய கணக்கு போன வாரத்தைவிடத் திடீரென எகிறியிருக்கிறது என்பது. இன்னொன்று, எல்லாரும் 5 சொல்லும் பிராக்டிஸுக்கு யார் 8 சொல்கிறான் என்பது. இரண்டாவது ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வேறு டீமுக்கும் ஆடிக்கொண்டிருப்பான், இல்லை வீட்டில் ஏதாவது இருக்கும். ஒரே வாரத்தில் மூன்று டீமுக்கு ஆடும் பையன்தான் ஊரிலேயே நல்ல ஆட்டக்காரனாக இருப்பான், முதலில் உடைவதும் அவன்தான். ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய கிளப்பை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் இரண்டு மேட்ச் ஆடியபோது காயம் வாரம் ஒரு மேட்ச்சைவிட ஆறு மடங்குக்கு மேல் இருந்தது.

எதைக் குறைப்பது, எதை விடக்கூடாது

டோர்னமெண்டுக்கு மூன்று வாரம் முன்னால், அதாவது இன்னும் 21 நாள் இருக்கும்போது, வழக்கமான பிராக்டிஸ் இருக்கட்டும். கடைசி முழு நீளப் பயிற்சி மேட்ச்சை அந்த வாரமே வைத்து முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் நோட்டுக் கணக்கு முக்கால் பங்குக்கு வரவேண்டும், கடைசி வாரம் பாதிக்கு. குறைக்க வேண்டியது நேரத்தை. வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள், இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள், ஓய்வு என்று சொல்லி ஒரு வாரம் மெதுவாக ஜாகிங் மட்டும் ஓடவிட்டு முதல் மேட்ச்சில் திடீரென ஸ்பிரிண்ட் அடிக்கச் சொன்னால் தொடையின் பின்பக்கம் போய்விடும். கடைசி வாரத்திலும் இரண்டு நாள், நன்றாக வார்ம் அப் ஆன பிறகு, முழு வேகத்தில் நாலைந்து ஓட்டம், நடுவில் மூச்சு முழுக்கத் திரும்பும் வரை நடை. அவ்வளவு போதும். பந்தோடு சின்ன ஆட்டம், கார்னர், ஃப்ரீ கிக், வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஏற்காடு ஓட்டம் பற்றி

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஊரில் இதை விடவே மாட்டார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவது நெஞ்சுக்கு நல்ல வேலைதான், சீசனுக்கு இரண்டு மாதம் முன்னால் தாராளமாகச் செய்யுங்கள். சிக்கல் இறங்கும்போது. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அந்த வேலையில்தான் தசை நார்கள் அதிகமாகக் கிழிகின்றன. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க முடியாது, வலி போன பிறகும் பலம் முழுசாகத் திரும்பச் சில நாள் ஆகும். ஆகவே கடைசி மூன்று வாரத்தில் மலை ஓட்டம் வேண்டாம். ஏறியே ஆகவேண்டும் என்றால் ஓடி ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள்.

இன்னொன்று, மே மாத வெயிலுக்குப் பயந்து ஏற்காட்டில் ஒரு வாரம் கேம்ப் போட்டுவிட்டு நேராக இறங்கி வந்து சேலத்தில் ஆடுவது. மலை உயரத்தில் பயிற்சி எடுத்தால் ரத்தம் ஏறும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு 2000 மீட்டருக்கு மேல் மூன்று, நாலு வாரமாவது இருக்க வேண்டும், ஏற்காடு சுமார் 1500 மீட்டர்தான். கிடைப்பது குளிர்ச்சி, அந்தக் குளிர்ச்சிதான் இங்கே எதிரி. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். குளிரில் இருக்க இருக்க அந்தப் பழக்கம் கரைய ஆரம்பிக்கும். 40 டிகிரியைத் தொடும் ஊரில் ஆடப் போகிறோம் என்றால் அந்த ஊரிலேயே பழகுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம், சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கினாலே போதும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து ஆடும் டீம்களுக்கு இது இன்னும் முக்கியம். கடைசி இரண்டு வாரத்தில் முடிந்த நாளெல்லாம் கீழே வந்து பிராக்டிஸ் செய்யுங்கள், பயணக் களைப்பையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடைக்குப் பின்னால்

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைப் பின்தசைக் காயம் 2021-22-ல் 24 சதவீதமாகிவிட்டது. அதைத் தடுக்க நன்றாகச் சோதித்துப் பார்த்த ஒரு பயிற்சி இருக்கிறது, செலவு கிடையாது. பெயர் நார்டிக். சாக்கையோ பழைய பாயையோ மடித்துப் போட்டு அதன் மேல் முட்டி போட வேண்டும். ஒருவர் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே நேர்கோடு, இடுப்பு மடங்கக்கூடாது. அப்படியே முன்பக்கமாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாய வேண்டும், தொடையின் பின்தசைதான் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். இனி தாங்காது என்றதும் கையை ஊன்றி விழுந்து, கையாலேயே தள்ளி எழுந்து மறுபடி. புதியவர்கள் 3 முதல் 5 தடவை, வாரம் இரண்டு நாள், பழகப் பழக 10, 12 வரை. ஆனால் இதுவரை செய்யாதவர்கள் டோர்னமெண்டுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கக்கூடாது, இரண்டு நாள் தொடை கட்டிக்கொள்ளும். இப்போதே, மூன்று வாரம் இருக்கும்போது, மூன்று தடவையில் தொடங்குங்கள். மேட்ச் நாளன்று வேண்டாம்.

இந்தப் பயிற்சி ஃபிஃபா 11 ப்ளஸ் என்ற 20 நிமிட வார்ம் அப்புக்குள்ளேயே வருகிறது. ஓட்டம், பலம், சமநிலை, மறுபடி ஓட்டம் என்று 15 பயிற்சி, யூடியூப்பில் தேடினால் கிடைக்கும். நார்வேயில் பள்ளி வயதுப் பெண்களின் டீம்களில் பரிசோதித்தபோது காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்ற இடத்தில் கால் விரலைத் தொடும் பழைய வார்ம் அப்பை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

வலி என்று சொன்னால்

"ஒன்னும் இல்லணா, லைட்டா புடிக்குது." டோர்னமெண்ட் வாரத்தில் இந்த வார்த்தையை இலேசாக விடாதீர்கள். பிடிக்கிறது என்று சொன்னவனை டீமிலிருந்து தூக்கிவிடுவீர்கள் என்ற பயம் இருந்தால் அடுத்த தடவை சொல்லவே மாட்டான், அதனால் சொன்னவுடன் "சரி தம்பி, இன்னைக்கு உட்காரு, நாளைக்குப் பார்க்கலாம், உன் இடம் உனக்குத்தான்" என்று சொல்லிப் பழகுங்கள். தொடை பின்னால் சுரீரென்று இழுத்திருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. துணி சுற்றிய ஐஸ் 10, 15 நிமிடம், கட்டு, காலை உயர்த்தி வை. முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். கணுக்கால் மடங்கி நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதை எந்த ஃபைனலுக்கும் அனுமதிக்காதீர்கள், வலி தெரியாமல் ஓடும் கால்தான் முழுசாகக் கிழியும். தலையில் அடிபட்டுத் தடுமாறினால் வெளியே, அன்றைக்குத் திரும்ப உள்ளே கிடையாது.

மேட்ச் நாள்

தூக்கம் எட்டு மணி நேரம், முக்கியமாகக் கடைசி மூன்று ராத்திரி. ராத்திரி ஷிஃப்ட் ஆட்களுக்கு அந்த மூன்று நாள் மட்டும் ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் கேப்டனே போய்க் கேட்கட்டும், பையன் கேட்டால் கிடைக்காதது பெரியவர் கேட்டால் கிடைக்கும். இட்லியோ சாதமோ மேட்ச்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால். புது ஸ்டட்ஸ் ஷூவை அன்றைக்குத்தான் போட்டுப் பார்ப்பது கூடாது. காய்ந்து கல்லாகக் கிடக்கும் தரையில் நீளமான குமிழ் வைத்த ஸ்டட்ஸும் வேண்டாம், முட்டியைத் திருகும்.

டீமுக்கு ஏழு பேர் ஆடும் நம் செவன்ஸ் டோர்னமெண்டில் ஒரே நாளில் இரண்டு, மூன்று மேட்ச் வரும். அதனால் முதல் மேட்ச்சிலேயே மாற்று ஆட்டக்காரர்களை இறக்குங்கள், மூன்று கோல் முன்னால் இருக்கும்போதும் நட்சத்திர ஆட்டக்காரனை உள்ளேயே வைத்திருப்பதில் லாபமே இல்லை. மேட்ச்சுக்கு இடையில் நிழல், ஈரத்துண்டு, உப்புப் போட்ட மோர் அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், வாழைப்பழம். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தெரிய ஒரு எடை மிஷின் போதும், மேட்ச்சுக்கு முன்னும் பின்னும் நில்லுங்கள், ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்று, ஒன்றரை லிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக. எடை ஏறியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள், நிறுத்துங்கள். 48 அணி, 104 ஆட்டம் என்று பெரிதாகிவிட்ட 2026 உலகக் கோப்பைக்கே ஒவ்வொரு பாதியிலும் 3 நிமிடம் தண்ணீர் இடைவேளை என்று ஃபிஃபா அறிவித்தது. நீங்கள் டோர்னமெண்ட் நடத்துபவராக இருந்தால் அதையே இங்கேயும் வையுங்கள். யாராவது உளற ஆரம்பித்தாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ, முதலில் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், ஊற்றிக்கொண்டே 108-க்கு அடியுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை குளிர வைப்பதை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், ஃபைனல் முடிந்த ராத்திரியே அடுத்த ஊர் டோர்னமெண்டுக்குக் கூப்பிட்டு போன் வரும். ஒரு முழு மேட்ச் ஆடிய தொடைக்குப் பழைய பலமும் வேகமும் திரும்பவே 72 மணி நேரம் வரை ஆகும், மூன்று நாளில் ஐந்து மேட்ச் ஆடியவனுக்கு இன்னும் அதிகம். நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு, யாரை அனுப்பக்கூடாது என்று முடிவு செய்த பிறகு பதில் சொல்லுங்கள்.