கல்வி ஆய்வுத் தலைப்புகளை எண்ணக் கிளம்புகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பள்ளி விட்டதும் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கப் போகும் ஒட்டுக்கடையில் போன வாரம் ஓர் இளம் ஆசிரியை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். கல்வி ஆய்வுத் தலைப்புகள் காலப்போக்கில் எப்படி மாறின என்பதுதான் அவருடைய முதுகலை ஆய்வு. "தோட்டப்புறக் கல்வியைப் பற்றி இப்போ யாருமே எழுதுறதில்ல சார். கோடு எப்படி இறங்குது பாருங்க."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே கோட்டை ஒரு காலத்தில் போட்டவன் நான். இப்படி எண்ணும்போது வழுக்கி விழும் இடங்கள் இவை.

ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது

மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் கோலாலம்பூர் பஸ் ஏறினேன். நூலகத்தில் ஆய்வேட்டுத் தலைப்புகளில் 'தோட்டப்பள்ளி' எங்கெல்லாம் வருகிறது என்று தேடி, ஆண்டுவாரியாக எக்செல்லில் ஏற்றினேன். எண்ணிக்கை சரிந்தது. 'ஆய்வாளர்களின் ஆர்வம் குன்றிவிட்டது' என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க பள்ளிப் பெயர்ப்பலகையில என்ன எழுதியிருக்கு?"

தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி. 'தோட்டம்' என்ற பேச்சே அதில் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, சனம் டவுனுக்குப் பெயர்ந்தது. 1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520 சொச்சம். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு நிற்கவில்லை. 'இடைநிற்றல்', 'பி40 குடும்பம்' (வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டுக் குடும்பம்) என்று வேறு பெயரில், பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்துகொண்டிருந்தது. நான் எண்ணியது ஒரு சொல்லின் ஆயுளை. அந்த அத்தியாயம் அப்படியே குப்பைக்குப் போனது. நினைத்தால் இன்னமும் எரிச்சல்தான்.

எல்லாத் தலைப்புக்கும் இந்தக் கதை உண்டு. கணினிவழிக் கற்பித்தல் மின்கற்றலானது, அப்புறம் இணையவழிக் கற்றலானது, கோவிட் காலத்தில் நம்மூரில் பிடிபிஆர் (வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல்) ஆனது. ஆகவே பத்தாண்டுக்கு இருபது ஆய்வுச் சுருக்கமாவது உட்கார்ந்து படியுங்கள். ஒரே விஷயத்துக்கு அந்தந்தக் காலத்தில் என்னென்ன பெயர், எந்தெந்த மொழியில் என்று பட்டியல் போட்டுக்கொண்டு, பிறகு எண்ணுங்கள்.

மொத்தத்தால் வகுக்காதது

ஆய்வேடுகளே பெருகிவிட்டன, எதை எண்ணினாலும் ஏறத்தான் செய்யும். மொத்த ஆய்வேடுகளில் அந்தத் தலைப்பின் பங்கைப் பாருங்கள்.

கொள்கை ஆண்டுகளைக் குறிக்காதது

1983இல் கேபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம், 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில், 2011இல் அதற்குப் பதிலாகக் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டம், 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் ரத்து. அமைச்சு ஒன்றை மாற்றினால் ஆய்வுத் தலைப்பும் பின்னாலேயே போகும். ஆனால் ஆய்வேடு முடிய இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். கோட்டில் மேடு அவ்வளவு தள்ளித்தான் தெரியும்.

கடைசி ஆண்டு

பதிவு முழுதாக ஏறியிருக்காது. வெட்டிவிடுங்கள்.

சரி, அந்த ஆசிரியையிடமும் பெயர்ப்பலகையைப் பற்றிக் கேட்டேன். "'லாடாங்'னு இருக்கு சார், மலாயில தோட்டம். ஆனா பள்ளிக்கூடம் குடியிருப்புத் தாமான்லல்ல இருக்கு?" என்றவர், கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு தேடுசொல் பட்டியலில் 'லாடாங்' என்று தட்டினார்.