பால் கவர் முதல் மாத்திரை அட்டை வரை: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள-தமிழக எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பல வீடுகளில் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) ஒரு தண்ணி அடுப்பு இருக்கும். தென்னமட்டை, கொட்டாங்குச்சி, சருகு எல்லாம் அதில் எரிவதில் தப்பில்லை. சட்டென்று பற்றிக்கொள்ளட்டும் என்று பால் கவரை அடியில் சொருகுகிறோமே, அதுதான் மோசமான தவறு. பாலித்தீன் அரைகுறையாக எரியும்போது கரிப்புகையும் கார்பன் மோனாக்ஸைடும் வரும். குனிந்து ஊதுகிறவரும், குளிக்கக் காத்து நிற்கும் குழந்தையும் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள். மாத்திரை அட்டை இன்னும் ஆபத்து. அதன் முன்பக்கம் பெரும்பாலும் பி.வி.சி பிளாஸ்டிக், எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்ஸின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகும். டையாக்ஸின் மண்ணில் எளிதில் அழியாது, கொழுப்பில் போய்த் தங்கும். அந்தச் சாம்பல் கொட்டிய இடத்தில் கிளறி மேயும் கோழியின் முட்டை வழியாக வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். ஆகவே அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்திக்கும் போடக் கூடாது. பற்றவைக்கக் காய்ந்த பன்னாடை ஒன்றே போதும். மழைக்காலத்துக்கென்று பத்து இருபது பன்னாடையை எரவாணத்தில் சொருகி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சூடும் எண்ணெயும் சேரும் இடம். பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள் உணவில் இறங்குவதைக் கூட்டுபவை மூன்று: சூடு, கொழுப்பு, நேரம். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்கி, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் மூன்றும் கூடிவிடுகின்றன. கவர் உருகவில்லை என்பதால் ஒன்றும் இறங்கவில்லை என்று அர்த்தமில்லை. பேப்பர் கப்பும் தப்பவில்லை, அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுதான். கரக்பூர் ஐ.ஐ.டி ஆய்வாளர்கள் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் அதில் வைத்துப் பார்த்தபோது சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலந்திருந்தன. பழம்பொரியையும் பருப்பு வடையையும் செய்தித்தாளில் பொதிந்து வாங்குவதும் வேண்டாம். அச்சு மை எண்ணெயில் கரையும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே இதை எச்சரித்திருக்கிறது. ஒரு தூக்குப்போசியும் ஒரு வாழையிலைத் துண்டும் கையில் இருந்தால் இத்தனையும் தேவைப்படாது. கடைக்காரர் முகம் சுளிப்பார் என்ற தயக்கம் வேண்டாம், அவருக்கும் கவர்ச் செலவு மிச்சம்.

இனி, கேரளப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. மாதம் ஒருமுறை ஹரித கர்ம சேனை என்னும் உள்ளாட்சிக் குப்பை சேகரிப்புக் குழுவின் பெண்கள் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போகிறார்கள். கிராமப் பஞ்சாயத்துகளில் பெரும்பாலும் 50 ரூபாய். பணம் கொடுக்கிறோமே என்று பாலும் எண்ணெயும் ஒட்டிய கவரைச் சுருட்டி மூட்டையில் திணித்துக் கொடுப்பது பெரிய தவறு. மூட்டைக்குள் புளித்து நாறும், பூஞ்சை பிடிக்கும், எலி வரும். ஒரு வீட்டின் ஈரக் கவர் பத்து வீட்டுச் சுத்தமான கவரைக் கெடுத்துவிடும். அதைக் கையால் தரம் பிரிப்பவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தானே.

பால் கவரை வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டிக்காதீர்கள். நறுக்கு கவரோடு ஒட்டியே இருக்கட்டும். தனியாக விழும் அந்த முக்கோணத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை, நேராகச் சாக்கடைக்குப் போகும். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள். பிறகு மேல் ஓரத்தை நீளவாக்கில் திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி கொடியில் கிளிப் போட்டால் வெயில் நாளில் ஒரே பொழுதில் காய்ந்துவிடும். எண்ணெய்க் கவரை முதலில் டப்பாவின் மேல் ஓர் இரவு தலைகீழாக வடிய விட வேண்டும். அப்புறம் ஒரு பிடி தவிட்டை உள்ளே போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர். எடுத்தவுடனே தண்ணீர் விட்டால் பிசுக்கு போகாது, தண்ணீர்தான் வீண்.

மொத்தமாக வாங்கினால் கவர் குறையும் என்பது சரிதான். ஆனால் வைக்கத் தெரியாமல் வாங்கிப் பருப்பில் வண்டு விழுந்தால் கவரோடு பருப்பும் குப்பைக்குத்தான் போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இடவப்பாதிக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசத் தொடங்கினால் எல்லாமே ஈரத்தை இழுக்கும். அதற்கு முன்பே பருப்பை வெயிலில் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு டின்னில் போட்டு இரண்டு காய்ந்த மிளகாய் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கடையில் அப்போதே வறுத்த நேந்திரங்காய் சிப்ஸை டப்பாவில் வாங்கினாலும் இதே கதைதான். ஆறவிட்டு மூடாவிட்டால் வீடு சேர்வதற்குள் நமுத்துவிடும்.

செக்கெண்ணெய்க்குக் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கொண்டு போகிறவர்கள் அதிகம். அவை ஒருமுறை பயன்படுத்துவதற்கான பாட்டில்கள். வாய் குறுகல் என்பதால் உள்ளே கழுவிக் காயவைக்கவும் முடியாது. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் தேங்காயெண்ணெயில் சிக்கு வாடை வந்துவிடும். எவர்சில்வர் கேனை முந்தின நாளே கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பழைய எண்ணெய் அடியில் இருக்கும்போதே மேலே புதிதை ஊற்ற வேண்டாம்.

ஷாம்பு பாக்கெட் மலிவு போலத் தெரியும். 6 மில்லி பாக்கெட்டாக வாங்கினால் ஒரு லிட்டருக்கு 167 பாக்கெட் வருகிறது. மறுசுழற்சிக்கு எடுக்க முடியாத அடுக்குப் பிளாஸ்டிக் அத்தனையும்.

துணிப்பை மாதிரி இருப்பதெல்லாம் துணி இல்லை. ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள், நெய்த துணியானால் நூல் நீளமாக உருவி வரும். வராமல் பஞ்சு மாதிரி பிய்ந்தால் அது பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். ‘மக்கும்’ என்று பச்சை எழுத்தில் போட்ட கவரும் தொழிற்கூட வெப்பத்தில் மக்குவதற்காகச் செய்ததுதான்; தென்னை மரத்தடிக் குழியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

கடைசியாக, எல்லையில் வாழும் நமக்கே உரிய ஒரு தவறு: ‘எல்லாத்தையும் எடுத்துக்கறோம்’ என்று வரும் முன்பின் தெரியாத டெம்போவில் குப்பையை ஏற்றிவிடுவது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பித் திரும்ப எடுத்துப் போனது. நம் குப்பை எந்த ஊர் ஓடையில் போய் விழுகிறது என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது. மாத்திரை அட்டை, பழைய செருப்பு, கண்ணாடி பாட்டில் இவற்றை எந்த மாதம் எடுப்பார்கள் என்று ஹரித கர்ம சேனைப் பெண்களிடமே கேட்டு, அடுக்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.